எச்சரிக்கை வந்தது, செவிமடுத்தவர் யார்?

2025-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள். சென்னை மீனம்பாக்கத்திலிருந்து புறப்பட்ட ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று, நண்பகலை ஒட்டிக் கொழும்பை அடுத்த கட்டுநாயக்க விமான நிலையத்தில் தரையிறங்கியது. இறங்கிய உடனே அதைப் பாதுகாப்புப் படையினர் சூழ்ந்துகொண்டனர். இந்தியாவில் தேடப்படும் ஒருவர் அதில் பயணிப்பதாகச் சென்னை விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து தகவல் சென்றிருந்தது. பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டு இரண்டு வாரங்கள்கூட ஆகாத நேரம் அது. விமானம் முழுமையாகச் சோதிக்கப்பட்டது. தேடப்பட்டவர் அதில் இல்லை. அந்த விமானம் மேற்கொள்ளவிருந்த அடுத்த பயணம் சற்றுத் தாமதமாயிற்று. அத்துடன் செய்தி முடிந்துவிட்டது.

மறுநாள் நாளிதழில் ஓரமாக வந்திருந்த இந்தச் செய்தியைப் பலரும் கடந்து சென்றிருப்பார்கள். தாம்பரம், பல்லாவரம் வட்டாரத்தில் வாழ்நாளைக் கழித்த என் போன்றவர்களால் அவ்வாறு கடந்து செல்ல இயலவில்லை. அதே சென்னை - கொழும்பு வான்வழியில், அதே மீனம்பாக்கத்தில், 41 ஆண்டுகளுக்கு முன்பும் ஓர் எச்சரிக்கை வந்தது. அன்று நடந்தது வேறு.

மீனம்பாக்கம், 1984

1984-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2-ஆம் நாள் இரவு, பதினொரு மணியை நெருங்கும் வேளை. நான் அப்போது பள்ளி மாணவன். பல்லாவரத்தில் எங்கள் வீட்டுச் சன்னல் கதவுகள் அதிர்ந்தன. ஆடி மாதத்து இடி என்றுதான் வீட்டில் இருந்தவர்கள் நினைத்தோம். விடிந்த பிறகுதான், விமான நிலையத்தில் குண்டு வெடித்த செய்தி தெருவுக்கு வந்து சேர்ந்தது.

இலங்கை செல்லும் விமானத்தைக் குறிவைத்து இரண்டு பெட்டிகளில் வெடிபொருள் வைக்கப்பட்டிருந்தது. பயணச்சீட்டு வாங்கிப் பெட்டிகளை ஒப்படைத்த நபர் விமானத்தில் ஏறவில்லை. ஆளில்லாத அந்தப் பெட்டிகள் விமான நிலையத்திலேயே தங்கிவிட்டன. அவற்றில் வெடிகுண்டு இருப்பதாக, வெடிப்பதற்கு முன்பே தொலைபேசியில் எச்சரிக்கை வந்தது. ஆயினும் உரிய நேரத்தில் அவை அப்புறப்படுத்தப்படவில்லை. முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் இலங்கைப் பயணிகள். பயணிகளுக்காக அங்கே பணியில் இருந்த நம்மவர்களும் மாண்டனர். இதைச் செய்தது 'தமிழ் ஈழ இராணுவம்' என்ற சிறு குழு.

இந்நிகழ்வை வெறும் பாதுகாப்புக் குறைபாடாகப் பார்த்தால் பாதி உண்மைதான் கிடைக்கும். மறுபாதி ராஜதந்திரத்தில் இருக்கிறது. 1983 ஜூலைக் கலவரத்திற்குப் பிறகு, இலங்கைத் தமிழர் சிக்கலில் இந்திய அரசு இரண்டு பாதைகளில் ஒரே நேரத்தில் நடந்தது. ஒரு பாதையில் ஜி. பார்த்தசாரதி போன்ற தேர்ந்த ராஜதந்திரி கொழும்புக்கும் தில்லிக்கும் இடையே அரசியல் தீர்வுக்காகப் பயணம் செய்துகொண்டிருந்தார். மறு பாதையில் இந்திய உளவு அமைப்பு, ஈழப் போராளிக் குழுக்களுக்கு இந்திய மண்ணிலேயே ஆயுதப் பயிற்சி அளித்துக்கொண்டிருந்தது. அந்நாளில் சென்னையின் தெருக்களில் போராளிகள் தடையின்றி நடமாடினர். யாரைக் கண்காணிப்பது, யாரைக் கண்டும் காணாமல் விடுவது என்ற தெளிவு காவல் துறையின் கீழ்நிலைக்கு எப்படி வந்திருக்கும்?

ஒரு கை அரவணைக்கும் ஒன்றை மறு கை சந்தேகிக்க முடியாது. உளவுத் துறையின் கண்ணும் ராஜதந்திரத்தின் நாவும் ஒரே திசையை நோக்காதபோது, இடையில் அகப்படுபவர் பெட்டி தூக்கும் தொழிலாளியும் ஊர் திரும்பும் பயணியும்தான்.

பயணம் செய்யாத பாடம்

மீனம்பாக்கம் உலகுக்கு ஓர் எளிய பாடத்தை விட்டுச் சென்றது. பெட்டியை ஒப்படைத்தவர் விமானத்தில் ஏறவில்லை என்றால், அந்தப் பெட்டியும் ஏறக் கூடாது. இதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. பயணிகள் பட்டியலையும் பெட்டிகளின் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

பதினொரு மாதங்கள்கூட முடியவில்லை. 1985 ஜூன் 23 அன்று, கனடாவிலிருந்து வந்த ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' விமானம் அயர்லாந்துக்கு அருகே வானில் சிதறியது. 329 பேர் மாண்டனர். அந்தக் குண்டும் ஒரு பெட்டியில்தான் இருந்தது. அந்தப் பெட்டியின் உரிமையாளரும் விமானத்தில் ஏறவில்லை.

அதைவிட வேதனையான செய்தி, அங்கேயும் எச்சரிக்கை இருந்தது என்பதே. விமானங்களில் நேரம் குறித்து வெடிக்கும் குண்டுகள் வைக்கப்படலாம் என்று 1985 ஜூன் 1 அன்றே ஏர் இந்தியா தந்தி வழியே தகவல் அனுப்பியிருந்தது. அது கனடாவின் காவல் துறைக்குக் கிடைத்தது. ஆனால், அந்நாட்டின் உளவு அமைப்போடு அது பகிர்ந்துகொள்ளப்படவில்லை. இதை விசாரித்த நீதிபதி ஜான் மேஜர் ஆணையத்தின் அறிக்கை வெளிவந்தது 2010-இல். தங்கள் கையில் இருந்த துண்டுகளைக் கனடாவின் அமைப்புகள் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கவில்லை என்று சொல்வதற்குக் கால் நூற்றாண்டு தேவைப்பட்டது.

ஒரு நாட்டின் தகவல் இன்னொரு நாட்டின் மேசையைச் சென்றடைவது ராஜதந்திரத்தின் வெற்றி. அந்த மேசையிலிருந்து விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுபவரைச் சென்றடைவது நிர்வாகத்தின் வெற்றி. முதலாவது நடந்தும் இரண்டாவது நடக்கவில்லை என்றால் இறந்தவர்களுக்கு அதனால் பயனில்லை.

மீண்டும் அதே சாலை

மீனம்பாக்கத்தின் பாடத்தை நாமாவது கற்றோமா என்றால், அதற்கும் கசப்பான விடையே கிடைக்கிறது. 1990 ஜூன் 19 அன்று கோடம்பாக்கத்தில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவும் அவருடைய தோழர்கள் பலரும் விடுதலைப் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொலையாளிகள் சென்னையிலிருந்து தப்பினர். அடுத்த ஆண்டு மே 21 அன்று மாலை, ராஜீவ் காந்தி மீனம்பாக்கத்தில் வந்திறங்கினார். அங்கிருந்து காரில் ஸ்ரீபெரும்புதூர் சென்ற அவர் உயிரோடு திரும்பவில்லை. கோடம்பாக்கத்துக் கொலையில் தொடர்புடைய சிவராசன்தான் ஸ்ரீபெரும்புதூர்ச் சதியையும் களத்தில் நின்று நடத்தினார்.

புலிகளின் கம்பியில்லாத் தந்திச் செய்திகள் இடைமறிக்கப்பட்டுக்கொண்டுதான் இருந்தன. ஆனால், அந்தச் சங்கேதங்களில் முக்கியமானவற்றின் பொருள் விளங்கியது கொலை நடந்து முடிந்த பிறகே. பாதுகாப்புக் குறைபாடுகளை வர்மா ஆணையமும், சதியின் பின்னணியை ஜெயின் ஆணையமும் பின்னர் விரிவாக ஆராய்ந்தன. ஆயிரக்கணக்கான பக்கங்கள் எழுதப்பட்டன. கோடம்பாக்கத்தில் தப்பிய வலைப்பின்னல் அன்றே அறுக்கப்பட்டிருந்தால் அவற்றில் பல பக்கங்களுக்குத் தேவையே இருந்திருக்காது.

இங்கே இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1991-க்குப் பிறகு, போருக்கு அஞ்சிக் கடல் கடந்து வந்த சாதாரண இலங்கைத் தமிழர்கள் அனைவரும் சந்தேக நிழலில் வாழ நேர்ந்தது. புறநகர்ப் பகுதிகளில் வாடகைக்கு வீடு கேட்டு அலைந்த அகதிக் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். பேச்சுவழக்கைக் கேட்டவுடனே கதவைச் சாத்திய வீட்டுக்காரர்களையும் பார்த்திருக்கிறேன். முன்பு யாரையும் சந்தேகிக்காத நாம், பின்பு எல்லோரையும் சந்தேகித்தோம். இரண்டுமே உளவறியும் கலைக்கு எதிரானவை.

கொழும்பு, 2019

இனி, அண்மைக் காலத்தின் மிகத் தெளிவான சான்றுக்கு வருவோம். 2018-இல் கோவையில் ஐ.எஸ். ஆதரவாளர்கள் மீதான வழக்கைத் தேசியப் புலனாய்வு முகமை விசாரித்தபோது, இலங்கையின் காத்தான்குடியைச் சேர்ந்த சஹ்ரான் ஹாஷிம் தமிழில் பேசிய காணொலிகள் கிடைத்தன. அந்த நூலைப் பற்றிச் சென்ற இந்திய அமைப்புகள், 2019 ஏப்ரல் 4 அன்று இலங்கையின் அரச புலனாய்வுச் சேவைக்குத் தகவல் அனுப்பின. தாக்கப்போகும் குழுவின் பெயர் அதில் இருந்தது. தலைவனின் பெயர் இருந்தது. கிறிஸ்தவ ஆலயங்களும் கொழும்பிலுள்ள இந்தியத் தூதரகமும் இலக்காகலாம் என்ற குறிப்பும் இருந்தது.

ஏப்ரல் 9 அன்று தேசியப் புலனாய்வுத் தலைவரிடமிருந்து காவல் துறைத் தலைவருக்குக் கடிதம் சென்றது. ஏப்ரல் 11 அன்று காவல் துறைக்குள்ளேயே ஒரு சுற்றறிக்கை கிளம்பியது. ஏப்ரல் 16 அன்று காத்தான்குடிக்கு அருகே ஒரு மோட்டார் சைக்கிள் சோதனை முறையில் வெடிக்க வைக்கப்பட்டது. ஏப்ரல் 20 அன்று மீண்டும் எச்சரிக்கை வந்தது. ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு காலையில், கொச்சிக்கடை, நீர்கொழும்பு, மட்டக்களப்பு ஆகிய இடங்களின் தேவாலயங்களிலும் கொழும்பின் நட்சத்திர விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 260-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

ஒரு நாட்டின் உளவு அமைப்பு இன்னொரு நாட்டுக்கு இதைவிடத் துல்லியமாகத் தகவல் தருவது அரிது. அது வீணானதற்குக் காரணம் கொழும்பின் அதிகார மோதல். 2018 அக்டோபரில் அதிபர் சிறிசேன, பிரதமர் ரணில் விக்ரமசிங்கவைப் பதவியிலிருந்து நீக்கினார். நீதிமன்றத் தலையீட்டால் ரணில் பதவிக்குத் திரும்பினாலும் இருவருக்கும் இடையே பேச்சுவார்த்தை அற்றுப்போயிருந்தது. தேசியப் பாதுகாப்புக் கூட்டங்களுக்குப் பிரதமர் அழைக்கப்படவில்லை. தாக்குதல் நடந்தபோது அதிபர் வெளிநாட்டில் இருந்தார். தமக்கு எதுவும் தெரிவிக்கப்படவில்லை என்று இருவருமே சொன்னார்கள்.

2023 ஜனவரி 12 அன்று இலங்கை உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு அதற்கு விடை கூறியது. முன்னாள் அதிபர் தம் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி இலங்கை ரூபாயை இழப்பீடாகச் செலுத்த வேண்டும் என்றும், காவல், உளவு, பாதுகாப்புத் துறைகளின் அன்றைய தலைவர்களும் தத்தம் பங்கைச் செலுத்த வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. எச்சரிக்கையைப் பெற்றவர் செயல்படாவிட்டால் அவரே பொறுப்பு என்பதைத் தெற்காசியாவில் ஒரு நீதிமன்றம் இவ்வளவு தெளிவாகச் சொன்னதை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நம்பிக்கை என்னும் கம்பி

உளவுத் தகவல் ஒரு செய்தி என்றால், ராஜதந்திரம் அது பயணிக்கும் கம்பி. கம்பி அறுந்திருந்தால் செய்தி எவ்வளவு உண்மையாக இருந்தும் பயனில்லை. 2024 மார்ச் மாதத் தொடக்கத்தில், மாஸ்கோவில் இசை நிகழ்ச்சி போன்ற கூட்டங்கள் தாக்கப்படலாம் என்று அமெரிக்கா வெளிப்படையாகவே எச்சரித்தது. உக்ரைன் போரால் இரு நாடுகளுக்கும் இடையே நம்பிக்கை அற்றுப்போயிருந்தது. ரஷிய அதிபர் புதின் அந்த எச்சரிக்கையை ஒரு மிரட்டல் என்றே கண்டித்தார். அடுத்த சில நாள்களில், மார்ச் 22 அன்று, குரோகஸ் அரங்கில் 140-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஆகஸ்டில், வியன்னாவில் நடக்கவிருந்த டெய்லர் ஸ்விஃப்டின் இசை நிகழ்ச்சிகளுக்கு ஆபத்து என்று அமெரிக்கா தகவல் தந்தது. ஆஸ்திரியா உடனே சந்தேக நபர்களைக் கைது செய்தது. நிகழ்ச்சிகள் ரத்தாயின, ரசிகர்கள் அழுதார்கள், ஆனால், அனைவரும் வீடு திரும்பினார்கள்.

இந்தியாவின் அனுபவமும் இதையே உறுதிசெய்கிறது. 166 பேரைப் பலிகொண்ட 2008 மும்பைத் தாக்குதலைக் கராச்சியிலிருந்து இயக்கியவர்களில் ஒருவரான அபு ஜுந்தால், பாகிஸ்தான் கடவுச்சீட்டுடன் சவூதி அரேபியாவில் இருந்தார். பொறுமையான பேச்சுவார்த்தைக்குப் பின் 2012-இல் சவூதி அவரை இந்தியாவுக்கு அனுப்பிவைத்தது. அதே வழக்கில் தேடப்பட்ட தஹாவூர் ராணா 2025 ஏப்ரலில் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டார். பயங்கரவாதத்துக்குப் பணம் செல்வதைத் தடுக்கத் தவறியதற்காகப் பாகிஸ்தான், சர்வதேச நிதி நடவடிக்கைப் பணிக்குழுவின் சாம்பல் பட்டியலில் 2018 முதல் 2022 வரை வைக்கப்பட்டது. இவை எவற்றிலும் துப்பாக்கி வெடிக்கவில்லை. கோப்பும், சான்றும், உறவும் சேர்ந்து செய்த வேலை இது.

தாம்பரத்துக்குத் தெற்கே, வண்டலூரை அடுத்த நெடுங்குன்றத்தில் தேசியப் பாதுகாப்புப் படையின் சென்னை மையம் இருக்கிறது. மும்பைத் தாக்குதலின்போது கமாண்டோ வீரர்கள் தில்லி வட்டாரத்திலிருந்து வந்து சேரத் தாமதமானதால் எடுக்கப்பட்ட முடிவின் விளைவு அது. அவ்வழியே செல்லும்போதெல்லாம் அந்த வீரர்களின் துணிவை மதிப்பேன். அதே வேளையில், அவர்கள் வண்டியேறும் நாள் வந்துவிட்டால், அதற்கு முன்னே செய்ய வேண்டிய வேலையில் யாரோ தவறிவிட்டார்கள் என்றே பொருள் என்பதும் நினைவுக்கு வரும்.

மக்களே முதல் உளவாளிகள்

நாடுகளுக்கு இடையே வேண்டிய நம்பிக்கை, அரசுக்கும் அதன் குடிகளுக்கும் இடையிலும் வேண்டும். சஹ்ரானின் தீவிரப் பேச்சைப் பற்றி முதலில் புகார் செய்தவர்கள் காத்தான்குடி முஸ்லிம்களே. 2017-இல் அங்கு நடந்த மோதலுக்குப் பிறகு அவர் தலைமறைவானார். புகார்கள் கோப்புகளில் உறங்கின. உயிர்ப்பு ஞாயிறுக்கு ஐந்து நாள்கள் கழித்து, சாய்ந்தமருதில் ஒரு வாடகை வீட்டில் ஐயத்துக்குரியோர் தங்கியிருப்பதைக் காவல் துறைக்குச் சொன்னவர்களும் அவ்வூர் மக்கள்தான். அப்படியிருந்தும், மே மாதத்தில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. எச்சரித்த சமூகமே தண்டிக்கப்பட்டால், அடுத்த முறை எச்சரிக்க யார் முன்வருவார்?

1998 தொடர் குண்டுவெடிப்பில் 58 உயிர்களை இழந்த கோவைக்கும், 2022 அக்டோபரில் ஒரு கோயில் வாசலில் கார் வெடித்ததைக் கண்ட அதே கோவைக்கும் இது பொருந்தும். ஜமாஅத் பெரியவரும் கோயில் தர்மகர்த்தாவும் பங்குத் தந்தையும் அச்சமின்றிக் காவல் நிலையப் படியேறும் நிலை இருக்கும் ஊரில்தான் உளவுத் துறைக்குக் கண்கள் இருக்கும்.

செய்ய வேண்டியவை

மத்திய, மாநில அமைப்புகளின் தகவல்களை ஒருங்கிணைக்கப் பல்முகமை மையம் நம்மிடம் உள்ளது. மும்பைக்குப் பின் அது வலுப்படுத்தப்பட்டது. ஆனால், தேசியப் பயங்கரவாதத் தடுப்பு மையம் அமைக்க 2012-இல் மத்திய அரசு முயன்றபோது, மாநில உரிமையில் தலையிடுவதாகக் கூறி ஜெயலலிதா உள்ளிட்ட முதல்வர்கள் எதிர்த்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. காவல் துறை மாநிலப் பட்டியலில் உள்ள துறை. மாநிலங்களின் நம்பிக்கையைப் பெறாமல் தில்லியிலிருந்து கட்டளையிடும் அமைப்பு நிலைக்காது. எனினும், பகிர்வுக்கான தேவை அத்துடன் மறைந்துவிடவில்லை. கொழும்பில் அதிபரும் பிரதமரும் பேசாமல் இருந்ததன் விலையைப் பார்த்த நாம், தில்லிக்கும் சென்னைக்கும் இடையே ஆட்சிகள் மாறினாலும் அறுபடாத ஒரு கம்பியைப் பேண வேண்டும்.

இரண்டாவதாக, எச்சரிக்கையைப் பெறுபவரின் பெயரும், பெற்ற நேரமும், எடுத்த நடவடிக்கையும் பதிவாக வேண்டும். 'தகவல் அனுப்பினோம்' என்பதோடு அனுப்பியவரின் கடமை முடிந்துவிடுகிறது. 'கீழே அனுப்பிவிட்டோம்' என்பதோடு பெற்றவரின் கடமையும் முடிந்துவிடுகிறது. இலங்கை உச்ச நீதிமன்றம் உடைத்த இந்தச் சங்கிலியை நம் சட்டமும் உடைக்க வேண்டும். நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லும் கடமை நம் உளவு அமைப்புகளுக்கு இன்னும் இல்லை என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும்.

மூன்றாவதாக, இந்தியாவும் இலங்கையும் மாலத்தீவும் மொரீஷியஸும் வங்கதேசமும் இணைந்துள்ள கொழும்புப் பாதுகாப்பு மாநாட்டுக்கு 2024 ஆகஸ்டில் சாசனமும் செயலகமும் கிடைத்தன. 2025 ஏப்ரலில் இந்தியாவும் இலங்கையும் பாதுகாப்பு ஒத்துழைப்புக்கான புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால், மீனவர் கைதும் படகுப் பறிமுதலும் நாள்தோறும் கசப்பை வளர்க்கும் கடலில், பாதுகாப்பு உறவு மட்டும் இனிப்பாக இருந்துவிடாது. பாக் நீரிணையின் மீன்பிடிச் சிக்கலைத் தீர்ப்பதும் பயங்கரவாதத் தடுப்பின் ஒரு பகுதியே. கடலோர மீனவர்தான் அந்நியப் படகை முதலில் காண்பவர்.

எல்லாவற்றுக்கும் மேலாக, 1984-இன் பாடத்தை மறத்தல் கூடாது. அண்டை நாட்டில் ஆயுதக் குழுவை வளர்க்கும் எந்த நாடும், அது தன் எல்லைக்குள் வெடிக்காது என்று எண்ணக் கூடாது. பாகிஸ்தானுக்கு நாம் சொல்லும் அறிவுரை இது. நமக்கு நாமே மீனம்பாக்கத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கற்றுக்கொண்டதும் இதுவே.

திரிசூலம் நிலையத்தில் மின்சார ரயில் நிற்கும்போது, எதிரே விமான நிலையத்துக்குப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு செல்வோரை இன்றும் பார்க்கிறேன். வளைகுடாவுக்குச் செல்லும் கட்டடத் தொழிலாளி, சிங்கப்பூரில் மகளைப் பார்க்கச் செல்லும் தாய், யாழ்ப்பாணத்துக்குத் திரும்பும் குடும்பம் என அவர்களில் பலர். அவர்களின் பெட்டிகளுக்கு இடையே ஓர் ஆளில்லாப் பெட்டி இருக்கிறது என்று என்றேனும் ஒரு குரல் தொலைபேசியில் சொல்லக்கூடும். அது பொய்யாக இருந்தால், 2025 மே 3 போல, ஒரு விமானம் சற்றுத் தாமதமாகும். உண்மையாக இருந்தால், அதைக் கேட்டவர் அடுத்த ஐந்து நிமிடத்தில் என்ன செய்கிறார் என்பதில்தான் நம் ராஜதந்திரமும் உளவுத் துறையும் செய்த அத்தனை வேலையின் பயனும் அடங்கியிருக்கும்.